ஆசிரியப் பணியை விட்டு வீட்டிலிருப்போருக்குப் பகுதி நேர வருமானம்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகவோ, படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்காகவோ பள்ளி வேலையை விட்ட ஆசிரியைகள் உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் பலர் உள்ளனர். நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க இயலாத அவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே தரப்பட்டுள்ளன. பெரும்பாலானவை தனியார் பள்ளி ஆசிரியர்களைப் பற்றியவை. அரசுப் பள்ளியில் இருப்பவர்களுக்குத் தனியே ஒரு கேள்வி உண்டு.

தனியார் பள்ளியிலிருந்து விலகிவிட்டேன். வருமானத்துக்கான வழியை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பழைய பள்ளி உங்களுக்குத் தர வேண்டியதை வாங்குவதிலிருந்து தொடங்குங்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் பள்ளியில் தொடர்ந்து ஐந்தாண்டுகள் பணியாற்றியிருந்தால், நீங்களாகவே விலகியிருந்தாலும், பணிக்கொடை பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. "டீச்சருக்கெல்லாம் கிராச்சுட்டி கிடையாது" என்று சில பள்ளி அலுவலகங்களில் இன்றும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்தின்படி 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று 2004 இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அதன் பிறகு 2009 இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லுபடியாகும் வகையில் ஆசிரியர்களையும் சேர்த்தது. அத்திருத்தத்தை எதிர்த்துத் தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்குகளையும் 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகவே இனி இதில் ஐயத்துக்கு இடமில்லை.

கணக்கு எளிது. கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் மீண்டும் பெருக்க வேண்டும். கூட்டுத்தொகை 26,000 ரூபாயாகவும் பணிக்காலம் 9 ஆண்டுகளாகவும் இருந்தால் 1,35,000 ரூபாய் வரும். எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வாங்கி வையுங்கள். பள்ளி மறுத்தால் தொழிலாளர் துறையின் உரிய அலுவலரிடம் முறையிடலாம். அதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை.

இதைப் பகுதி நேர வருமானம் பற்றிய பதிலில் முதலாவதாக வைப்பதற்குக் காரணம் உண்டு. கையில் ஒரு தொகை இருப்பவர் அடுத்த வேலையை நிதானமாகத் தேர்ந்தெடுக்கிறார். இல்லாதவர் முதலில் வரும் ஏற்பாட்டுக்குத் தலையாட்டிவிடுகிறார். பணி அனுபவச் சான்றையும், அலுவலகத்தில் கொடுத்து வைத்த மூலச் சான்றிதழ்களையும் அதே நடையில் வாங்கிவிடுங்கள். பள்ளி முதல்வர் மாறிவிட்டால் பிறகு சான்று பெறுவது கடினம்.

வருங்கால வைப்பு நிதியை முழுவதும் எடுத்துவிடலாமா?

அவசரத் தேவை இல்லையென்றால் எடுக்க வேண்டாம். ஐந்தாண்டு தொடர் பணிக்கு முன் எடுக்கும் தொகைக்கு வருமான வரி உண்டு. ஓய்வூதியப் பங்கைப் பொறுத்தவரை, பத்தாண்டுகள் நிறைந்திருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி வந்துவிடுகிறது. 50 வயதுக்குப் பிறகு குறைந்த விகிதத்தில் முன்கூட்டியே பெறவும் வழியுண்டு. பத்தாண்டுகள் நிறையாதவர்கள் அந்தப் பங்கைத் திரும்பப் பெறலாம், அல்லது அதற்குரிய திட்டச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் வேறொரு பள்ளியில் சேரும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் சான்றிதழே நல்லது. பழைய ஆண்டுகள் புதிய ஆண்டுகளோடு சேரும்.

அரசுப் பள்ளியில் பணிபுரிகிறேன். விலகிவிட்டு வீட்டில் டியூஷன் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பணியில் இருந்துகொண்டே எடுக்க முடியாது. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28 ஆவது பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது. விலகுவதைப் பற்றி ஒன்றுக்குப் பத்து முறை யோசியுங்கள். பழைய ஓய்வூதிய விதிகளின் கீழ் வருபவர் ராஜினாமா செய்தால், அதுவரை செய்த பணிக்காலம் ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வராமல் போய்விடும். 20 ஆண்டுத் தகுதிப் பணி முடிந்த பின் விருப்ப ஓய்வு பெறுவது முற்றிலும் வேறான செயல். குழந்தைப்பேறுதான் காரணம் என்றால், 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதமாக உயர்த்தப்பட்டிருக்கிறது. விடுப்புகளையும், வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளிக்கு மாறுதலையும் முயன்று பார்த்து, அவை கைகூடாதபோதுதான் ராஜினாமாவைப் பற்றிப் பேச வேண்டும். டியூஷன் வருமானம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அரசுப் பணியின் பாதுகாப்புக்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

மாதம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

தொகையைச் சொல்வதைவிடக் கணக்கிடும் முறையைச் சொல்வது பயன்படும். எடுத்துக்காட்டாக, ஆறு பிள்ளைகளுக்கு வாரம் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்து, தலைக்கு 600 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 3,600 ரூபாய் வரும். வகுப்பு நேரம் ஏறத்தாழ 17 மணி. மணிக்கு 200 ரூபாய்க்கு மேல் கிடைப்பதாகத் தோன்றும். ஆனால் நோட்டுத் திருத்தவும் கேள்வித்தாள் எழுதவும் வகுப்புக்கு அரை மணி சேர்த்தால் 26 மணி ஆகிறது. மணிக்கு 140 ரூபாய்கூட இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பதால் ஆண்டு வருமானத்தைப் பத்து மாதத்துக்கே கணக்கிட வேண்டும். அதிலும் மழை விடுமுறை குறுக்கிடும்.

இப்படி மணிக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், எந்த வேலையை ஏற்பது, எதை விடுவது என்பது தானே தெளிவாகும். என் கணிப்பில், முதல் ஆண்டில் பழைய சம்பளத்தில் பாதியை எட்டுவதே நல்ல முன்னேற்றம். போக்குவரத்துச் செலவும், காலை உணவை விழுங்கிவிட்டுப் பேருந்துக்கு ஓடும் அவதியும் இல்லை என்பதை வரவுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

எந்தப் பாடத்தை எடுத்தால் பிள்ளைகள் வருவார்கள்?

"எல்லாப் பாடமும், எல்லா வகுப்பும்" என்று பலகை வைப்பவர்களுக்கே முதலில் பிள்ளைகள் வருவார்கள். ஆனால் அந்த வகுப்பு பெரும்பாலும் வீட்டுப்பாடம் முடிக்கும் கூடமாகவே நின்றுவிடும். அதற்கான கட்டணமும் உயராது. ஒரு பாடத்தை, ஒரு குறிப்பிட்ட நிலைப் பிள்ளைகளுக்கு நன்றாகச் சொல்லித் தருபவர் என்று பெயர் வாங்குவதற்கு ஓராண்டு பிடிக்கலாம். அதன் பிறகு கட்டணத்தை நீங்கள் சொல்லலாம்.

பத்தாம் வகுப்புக் கணக்குக்கு எங்கும் தேவை உண்டு. மலைக்கே உரிய தேவை ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை: தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளுக்குத் தமிழ். 2006 ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள், படுக மொழி பேசும் பிள்ளைகள், கன்னடம் பேசும் பிள்ளைகள், ஆங்கிலப் பள்ளிகளில் படிக்கும் வட இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகள் என இங்கே இப்பாடத்தில் தடுமாறுவோர் பலர். அவர்களுக்கு இலக்கண நூற்பா தேவையில்லை. உயிர்மெய் வரிசையைத் தயங்காமல் வாசிப்பதும், கேட்ட சொல்லைப் பிழையின்றி எழுதுவதும், ஐந்து வரி சொந்தமாக எழுதுவதும்தான் தேவை. தொடக்கப் பள்ளியில் இதையே ஆண்டுக்கணக்காகச் செய்துவந்த ஆசிரியை, முதுகலைப் பட்டம் பெற்றவரைவிட இதைச் சிறப்பாகச் செய்வார்.

வெலிங்டன் பக்கம் இருப்பவர்களுக்கு மற்றொரு வழி. பாதுகாப்புப் படை அலுவலர் கல்லூரியில் பயிற்சிக்கு வரும் அலுவலர்களின் குடும்பங்கள் ஏறத்தாழ ஓராண்டு மட்டுமே தங்குகின்றன. பள்ளி மாறி வந்த பிள்ளைக்கு விட்டுப்போன பாடத்தை ஈடுகட்ட ஆள் தேடுவார்கள். கடைத்தெருவில் பேசும் அளவுக்குத் தமிழ் கற்க விரும்பும் பெரியவர்களும் உண்டு. ஆண்டுதோறும் புதிய குடும்பங்கள் வருவதால், ஒருவர் மகிழ்ந்து சொன்னால் அடுத்த ஆண்டுக்கும் வேலை நிற்கும்.

வீட்டில் வகுப்பு நடத்த எந்த நேரம் சரி? எத்தனை பிள்ளைகளைச் சேர்க்கலாம்?

சமவெளியில் டியூஷன் மாலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரை வரை போகும். இங்கே அது ஒத்துவராது. டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் கரடியும் காட்டெருமையும் நிற்கும், கூடலூர், பந்தலூரில் யானை வரும், சிறுத்தை எங்கும் உண்டு. நான்கேகாலுக்குத் தொடங்கி ஐந்தரைக்குள் முடித்துவிட்டால் பிள்ளைகள் வெளிச்சத்தில் வீடு சேர்வார்கள். நேரம் தவறினால் பெற்றோர் வந்து அழைத்துச் செல்வது என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். சனிக்கிழமை காலை வகுப்பு இரண்டு மணி நேரம் வைத்தால் வார நாளில் ஒன்றைக் குறைக்கலாம். தொலைவிலுள்ள ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்களிலிருந்து) வருபவர்களுக்கு அதுவே வசதி.

ஒரு நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். வகுப்பு அறையின் கதவு திறந்தே இருக்கட்டும். வீட்டில் மற்றொரு பெரியவர் இருப்பது பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் பாதுகாப்பு. சிமெண்ட் தரையின் குளிர் ஏறாதபடி கனமான விரிப்பும், நல்ல வெளிச்சமும், எழுதுபலகை ஒன்றும் போதும். நாற்காலி, மேசை வாங்குவதை முதல் ஆண்டில் தவிர்க்கலாம். பயிற்சி மையங்களுக்கு 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகள் 50 பேருக்கு மேல் படிக்கும் இடங்களைக் குறித்தவை. வீட்டு வகுப்பை அவை தொடுவதில்லை.

தெரிந்தவர்களிடம் கட்டணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியை எழுப்பாத ஆசிரியை இல்லை எனலாம். ஒரே ஊரில், ஒன்றுக்குள் ஒன்றாகச் சொந்தம் பின்னியிருக்கும் இடத்தில், "நம்ம பிள்ளைதானே, கொஞ்சம் பார்த்துக்கோம்மா" என்று ஒரு பெரியம்மா விட்டுச் செல்லும் பிள்ளைக்கு மாதக் கட்டணம் கேட்பது எளிதன்று. பச்சைத் தேயிலை விலை இறங்கியிருக்கும் மாதத்தில் சிறு விவசாயக் குடும்பத்திடம் கேட்பது அதைவிடக் கடினம். இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும். கேட்காவிட்டால் மூன்றாம் மாதத்தில் உங்களுக்கு அந்த வகுப்பின் மீதே வெறுப்பு வந்துவிடும், அதைப் பிள்ளை முதலில் உணர்ந்துகொள்ளும்.

வாயால் கேட்க இயலாததைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். வகுப்பு நாட்கள், நேரம், கட்டணம், மாதத்தின் ஐந்தாம் தேதிக்குள் செலுத்துதல், பிள்ளை வராத நாளுக்குக் கழிவு கிடையாது, ஆசிரியை எடுக்காத நாளுக்கு மாற்று வகுப்பு உண்டு ஆகியவற்றை அரைப் பக்கத்தில் எழுதி, சேரும் அன்றே எல்லோருக்கும் ஒரே படியைக் கொடுங்கள். சொந்தக்காரருக்கும் அதே தாள்தான். வசதியற்ற பிள்ளை ஒன்றிரண்டை இலவசமாகச் சேர்த்துக்கொள்வதாக இருந்தால், எண்ணிக்கையை முன்பே உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பிள்ளை யாரென்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 இல் தொடங்கியபோது தன்னார்வலர்கள் மாலையில் இலவசமாகச் சொல்லித் தந்ததையும், அவர்களுக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தந்ததையும் சிலர் ஒப்பிட்டுப் பேசுவார்கள். அது ஒரு நல்ல பொதுப்பணி, உங்களுடையது தொழில். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் பழைய பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

விலகிய பிறகு சட்டத் தடை ஏதும் இல்லை. பணி ஒப்பந்தத்தில் இது குறித்து ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களாகப் பெற்றோர்களைத் தொலைபேசியில் அழைக்காமல், அவர்களாகத் தேடி வந்தால் சேர்ப்பது கண்ணியமான வழி. சிறிய ஊர், அதே பள்ளிக்கு நாளை நீங்கள் திரும்பிப் போகவும் கூடும்.

இணையவழி வகுப்பில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கலாம் என்கிறார்களே, வீட்டிலிருக்கும் தாய்க்கு அது ஒத்துவருமா?

எந்த நாடு என்பதைப் பொறுத்தது. இதில் பலர் அமெரிக்கா, கனடாவையே முதலில் நினைக்கிறார்கள். டொராண்டோவில் மாலை ஏழு மணி என்றால் இங்கே மறுநாள் அதிகாலை நான்கரை. அங்குக் குளிர்காலம் வந்து கடிகாரத்தை மாற்றினால் ஐந்தரை. ஜனவரியில் உறைபனி விழும் நேரத்தில் எழுந்து, குழந்தை விழிக்குமுன் வகுப்பை முடிக்க முடிந்தவர்கள் செய்யலாம். இலண்டனில் மாலை ஐந்து மணி நமக்கு இரவு ஒன்பதரை அல்லது பத்தரை.

கிழக்கே பாருங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறது. அங்கு மாலை நான்கு மணி நமக்குப் பகல் ஒன்றரை. மலேசியாவுக்கும் அதே கணக்கு. சிட்னியில் மாலை ஐந்து என்றால் இங்கே பருவத்துக்கு ஏற்ப முற்பகல் பதினொன்றரை அல்லது பன்னிரண்டரை. உங்கள் குழந்தை பள்ளியில் இருக்கும் நேரத்திலேயே வகுப்பு முடிந்துவிடும். சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. தொடக்கப் பள்ளி இறுதித் தேர்விலேயே தாய்மொழிப் பாடம் உண்டு, அதில் வாய்மொழித் தேர்வும் அடங்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் பள்ளி இறுதித் தேர்வுக்குத் தமிழை ஒரு பாடமாக எடுக்க வழியுண்டு. தேர்வுக்காகப் படிக்கும் பிள்ளை இடையில் நிற்பதில்லை. பொழுதுபோக்காகச் சேரும் பிள்ளை இரண்டு மாதத்தில் நின்றுவிடும்.

நம் பாடநூலை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் அங்குள்ள பிள்ளைக்கு எடுபடாது. அந்த நாட்டின் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் பெற்றோரிடம் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு முதல் வகுப்பைத் தொடங்குங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கான பாடங்கள் உள்ளன, அவற்றையும் பயன்படுத்தலாம். கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே பெறுவது நல்லது.

மழைக்காலத்தில் மின்சாரமும் சிக்னலும் போய்விடுகின்றனவே?

போகும். தென்மேற்குப் பருவத்தில் குந்தா, கூடலூர்ப் பக்கமும், வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் மரம் சாய்ந்து கம்பி அறுவது வழக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தபோது மின்சாரம் மட்டுமா போயிற்று! இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம், இணைய மோடத்துக்கான சிறிய மின்கலன், முழுச் சார்ஜில் ஒரு மடிக்கணினி ஆகிய மூன்றும் இருந்தால் சாதாரண மின்வெட்டைச் சமாளிக்கலாம். பெரு மழைக்கு மாற்று வகுப்பு நாளே தீர்வு. எந்த நிறுவனத்தின் சிக்னல் உங்கள் சரிவில் எட்டுகிறது என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்டறிந்த பிறகு வாங்குங்கள். ஒரு வளைவு தாண்டினால் நிலைமை மாறிவிடுகிறது.

குழந்தைகள் அல்லாமல் பெரியவர்களுக்குப் பாடம் எடுக்கும் வாய்ப்பு உண்டா?

இப்போது ஒன்று நன்றாகவே இருக்கிறது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை மறுபரிசீலனை செய்யக் கோரித் தமிழ்நாடு அரசும் நீதிமன்றத்தை நாடியது. அது ஒருபுறமிருக்க, இருபதாண்டு அனுபவமுள்ளவர்கள் மீண்டும் புத்தகத்தை எடுத்திருக்கிறார்கள். முதல் தாளில் 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஒவ்வொன்றுக்கும் 30. கைக்குழந்தையோடு இருக்கும் நீங்கள் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவராக இருந்தால், உங்கள் முன்னாள் சக ஆசிரியர்களுக்கே ஞாயிறுதோறும் கணிதமோ ஆங்கிலமோ எடுக்கலாம். அவர்களிடம் பிள்ளைகளிடம் பேசும் தொனியில் பேசிவிடாமல் இருப்பதுதான் சற்றுக் கடினம்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத் தன்னார்வப் பயிலும் வட்டம் நடத்தும் இலவசப் போட்டித் தேர்வு வகுப்புகளிலும் பாடம் எடுக்க ஆள் தேவைப்படுவதுண்டு, விண்ணப்பித்து வைக்கலாம்.

இந்தி தேர்வு வகுப்புகள்?

தட்சிண பாரத இந்தி பிரச்சார சபையின் பிராத்மிக் முதல் பிரவீண் வரையிலான தேர்வுகளுக்கு வீட்டிலிருந்து கற்பிப்போர் தமிழ்நாடெங்கும் உண்டு. நீங்கள் உயர்நிலைத் தேர்வுகளை முடித்தவராக இருந்தால் இது நிலையான வருமானம். தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வருவதால் வகுப்புக்கு ஓர் ஒழுங்கு தானாக அமைகிறது.

மொழிபெயர்ப்பு, மெய்ப்புப் பார்த்தல் போன்றவை?

தமிழாசிரியர்களுக்கும் ஆங்கில ஆசிரியர்களுக்கும் ஏற்ற வேலை. குழந்தை உறங்கும் நேரத்தில் செய்யலாம் என்பது இதன் சிறப்பு. தொடக்கத்தில் வேலை விட்டு விட்டுத்தான் வரும். சொல்லுக்கு இவ்வளவு என்று ஊதியம் பேசுவார்கள். ஒரு மணி நேரத்தில் திருத்தமாக எத்தனை சொல் உங்களால் முடிகிறது என்பதை அளந்து பார்த்து, மேலே சொன்ன மணிக்கணக்கோடு ஒப்பிட்டுப் பிறகு ஒப்புக்கொள்ளுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தித் தருமாறு கேட்பவர்கள் இப்போது அதிகம். அதற்குக் குறைந்த விலை சொல்வார்கள், ஆனால் மோசமான இயந்திரத் தமிழைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது விரைவில் முடியும். மாதிரி என்ற பெயரில் பத்துப் பக்கம் இலவசமாகக் கேட்பவரிடம் ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் போதும்.

பள்ளிகளிலேயே பகுதி நேரமாக வேலை கிடைக்குமா?

விடுதிப் பள்ளிகள் நிறைந்த மலை இது. மகப்பேறு விடுப்பில் செல்லும் ஆசிரியைக்குப் பதிலாகச் சில மாதம், மாலைப் படிப்பு நேரத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் துணை வகுப்பு, பொதுத் தேர்வுக்கு முன் திருப்புதல் என்று தேவைகள் எழும். விளம்பரம் வராது, முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, எந்த நாட்களில், எந்த நேரத்தில் வர முடியும் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை எடுப்பதுண்டு, ஆனால் அது முழு நேரப் பணி.

வீட்டுச் சாக்லேட், கேக், வர்க்கி செய்து விற்கலாமா? அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடலாமா?

சாக்லேட்டுக்கு உதகையில் கடைக்குக் கடை போட்டி. புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி விறகடுப்புப் பேக்கரியின் பண்டம். வீட்டு ஓவனில் அந்த மொறுமொறுப்பு வராது. பிறந்தநாள் கேக்குக்கு உள்ளூரில் ஆர்டர் வரும். எதைச் செய்தாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு தேவை. சிறு அளவில் செய்பவருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை கடுமை என்பதால் பொதியும் தாளிலோ அட்டையிலோ இருக்க வேண்டும். இதில் நான் தயங்குவதற்குக் காரணம், பத்தாண்டு வகுப்பறை அனுபவம் இங்கே எவ்வகையிலும் விலை போகாது என்பதுதான்.

அறை வாடகையைப் பொறுத்தவரை, உரிய பதிவும் அனுமதியும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறையும் வந்துவிட்டது. கைக்குழந்தையுள்ள வீட்டில் சீசன் கூட்டத்தைச் சமாளிப்பது எளிதுமன்று.

முன்பணம் கட்டினால் பயிற்சி மையக் கிளை தருகிறோம், தட்டச்சு வேலை தருகிறோம் என்று அழைக்கிறார்கள். நம்பலாமா?

வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலையே அன்று. பதிவுக் கட்டணம், 'தரப் பரிசோதனையில் தோல்வி, அபராதம் கட்டு' என்ற மிரட்டல், டெலிகிராமில் சிறு பணிகளுக்கு முதலில் பணம் தந்துவிட்டுப் பிறகு பெருந்தொகை கேட்பது ஆகியவை பழகிப்போன ஏமாற்றுகள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மனக்கணக்குப் பயிற்சி போன்றவற்றின் கிளைகளில் நேர்மையானவையும் உண்டு. எத்தனை பிள்ளைகள் சேர்ந்தால் கட்டிய பணம் திரும்பும் என்று கணக்கிட்டு, உங்கள் ஊரில் அத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கணக்கே விடை சொல்லிவிடும்.

வரி ஏதும் கட்ட வேண்டுமா?

இந்த அளவு வருமானத்துக்கு வருமான வரி வராது; 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை தள்ளுபடியால் வரி இல்லாமல் போகிறது. சேவைக்கான ஜிஎஸ்டி பதிவும் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். நிறுவனங்களுக்கு வேலை செய்து, அவர்கள் பத்து விழுக்காடு பிடித்தம் செய்திருந்தால், கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறுங்கள். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வருவது போதும்.

"வீட்டில்தானே இருக்கிறாய்" என்று வகுப்பு நேரத்தில் வேலை சொல்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

முதல் மாத வருமானத்தில் ஒரு பகுதி வீட்டுச் செலவுக்குக் கண்ணெதிரே போனால் பேச்சு பாதி குறையும். மீதிக்கு, வகுப்பு நேரம் எழுதிய அதே தாளை அடுக்களைச் சுவரிலும் ஒட்டுங்கள். மாமியாரிடமோ அம்மாவிடமோ அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குழந்தையை ஒப்படைக்கும்போது அதை உதவியாகக் கேளுங்கள், உரிமையாக எண்ணிவிடாதீர்கள். யாரும் இல்லாத வீட்டில், குழந்தை பள்ளி செல்லும் வயதை எட்டும் வரை நேரலை வகுப்புகளைத் தவிர்த்து மொழிபெயர்ப்பு போன்ற வேலையை மட்டும் ஏற்பது அறிவுடைமை.

ஐந்தாறு ஆண்டு கழித்துப் பள்ளிக்குத் திரும்ப முடியுமா?

முடியும். ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்றிதழ் இப்போது வாழ்நாள் முழுவதும் செல்லும். முன்பிருந்த ஏழாண்டு வரம்பு நீக்கப்பட்டு, 2011 முதல் தேர்ச்சி பெற்றவர்களுக்கும் அது பொருந்துகிறது. அரசு நேரடி நியமனத்துக்கான வயது வரம்பும் 2023 இல் பொதுப் பிரிவினருக்கு 53, மற்றவர்களுக்கு 58 என உயர்த்தப்பட்டது. தனியார் பள்ளி நேர்காணலில் இடைவெளி ஆண்டுகளைப் பற்றிக் கேட்பார்கள். எந்த ஆண்டில் எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடம், தேர்வில் என்ன மதிப்பெண் என்று ஒரு பதிவேடு வைத்திருந்தால் அதைக் காட்டலாம். பாடநூல் மாறும்போது புதிய பதிப்பை வாங்கிப் படித்துவிடுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறக்க வேண்டாம்.